ரேடியோவுக்குத் தொண்டை கட்டியது

சாப்பாட்டு மணி அடித்தால் முன்னெல்லாம் சலவைக் கூடத்து ஆட்கள் ஆடி அசைந்துதான் வருவார்கள். காலையிலிருந்து நின்றே மரத்துப்போன கால்களுக்கு என்ன ஓட்டம் வேண்டிக் கிடக்கிறது. அந்த வாரம் மட்டும் கதை மாறிப்போனது. மணிச்சத்தம் அடங்குவதற்குள் பெஞ்சுகள் நிறைந்துவிட்டன. ஈரக் கையை இடுப்பில் துடைத்துக்கொண்டு, டப்பாவைத் திறந்தும் திறக்காமலும், எல்லா முகமும் ஜன்னலோர முனையைப் பார்த்துத் திரும்பியிருந்தது. அங்கேதான் ரேடியோ உட்காருவார்.

ரேடியோ என்பது மனிதர்தான். மடிப்பு மேசையில் ஆஸ்பத்திரி விரிப்புகளையும் ஓட்டல் விரிப்புகளையும் மடித்து மடித்தே முடி நரைத்தவர். நாற்பத்தைந்தைத் தாண்டிய பிறகு, தொழிலாளர் சங்கத்தின் ஞாயிற்றுக்கிழமை வகுப்பில் போய் உட்கார்ந்து எழுத்துக் கூட்டக் கற்றுக்கொண்டார். கற்ற புதிதில் மனிதருக்குக் கையும் ஓடவில்லை காலும் ஓடவில்லை. கடைப் பலகை, பஸ்ஸின் முதுகு, சோப்புத்தூள் மூட்டையில் இருக்கும் எச்சரிக்கை, எதைப் பார்த்தாலும் வாய்விட்டுப் படித்துக்கொண்டே நடப்பார். "யாருய்யா இது, காலங்காத்தால ரேடியோ பாடுது" என்று யாரோ கேட்கப்போய் அதுவே பெயராக ஒட்டிக்கொண்டது. கேலியாக வைத்த பெயர். இப்போது அதே பெயருக்கு ஜன்னலோரத்தில் ஒரு இடம், முதல் டீ, தும்மல் வந்தால் நான்கு பேர் விசாரிப்பு. பிறந்ததிலிருந்து அவருக்கு இப்படி ஒரு மரியாதை கிடைத்ததில்லை. ராத்திரி படுக்கும்போதுகூட அந்த ஜன்னலோர பெஞ்சை நினைத்துக்கொண்டுதான் படுத்தார் என்று சொன்னால் மிகையில்லை.

விஷயம் இதுதான். கடலுக்கு அப்பால் ஒரு நாட்டின் தலைவர், எந்தப் படத்தில் பார்த்தாலும் வெள்ளைக் கையுறை போட்டிருப்பவர், அடுத்த மாதம் இங்கே வருகிறார். அவர் வரும் வழியில் கறுப்புக் கொடி பிடிக்கலாமா வேண்டாமா என்று ஒவ்வொரு கூடமும் கை தூக்கி முடிவு சொல்ல வேண்டும் என்று சங்கத்துச் செயலாளர் வாட்ஸப் குழுவில் போட்டார். அவ்வளவுதான். அதுவரை சம்பளத் தேதியும் காலை வணக்கமும் மட்டும் வந்துகொண்டிருந்த குழு தீப்பற்றிக்கொண்டது. பத்திரிகைக்காரனைப் பிடித்து உள்ளே தள்ளினார் என்று ஒருவர் எழுதுவார். ரோடு போட்டாரே, ஆஸ்பத்திரி கட்டினாரே என்று இன்னொருவர் வருவார். ஆஸ்பத்திரி கட்டினால் ஆளை அடிக்கலாமா, அடித்த ஆளைப் படுக்கவைக்கத்தான் கட்டினாரா என்று மூன்றாவது ஆள் கேட்பார். பக்கத்து நாட்டுக்காரன் இதையே செய்தபோது உங்கள் வாயில் என்ன இருந்தது என்று நான்காவது ஆள். கையுறைக்காரர் யாரென்று போன மாதம் வரை தெரியாதவர்கள் எல்லாம் அவருடைய பெரியப்பா வீட்டில் வளர்ந்த மாதிரி பேசினார்கள்.

கூடத்தில் பாதிப் பேருக்குப் படிக்க வராது. வருகிறவர்களில் பாதிப் பேருக்கு ஆவி பட்டுப் பட்டுக் கண் மங்கல். மிச்சம் இருக்கிறவர்களுக்கும் ரேடியோ வாயால் கேட்டால்தான் ருசி. அவர் சும்மா படிக்கமாட்டார். எழுதியவன் கோபமாக எழுதியிருந்தால் பெஞ்சு அதிரும். கிண்டலாக எழுதியிருந்தால் ஒரு புருவம் மேலே போகும். கேள்வி கேட்டு முடித்தால் கண்ணாடிக்கு மேலாக எல்லோரையும் ஒரு சுற்று பார்ப்பார், பதில் அவர்களே சொல்ல வேண்டும் என்பது போல. சாப்பாடு ஆறிப்போனது யாருக்கும் தெரியாது.

ஒன்றே ஒன்றுதான். கையுறைக்காரரை அவருக்குப் பிடிக்காது. அதற்குக் காரணம் ஒரு சின்ன வீடியோ. அந்த நாட்டுத் தொலைக்காட்சியில் செய்தி வாசிக்கிற ஒரு நரைமீசைக்காரர். ஒரு செய்தியை விட்டுவிட்டு அடுத்ததுக்குப் போ என்று மேலிடத்து உத்தரவாம். மனிதர் போகவில்லை. ஒரு எழுத்து விடாமல் வாசித்துவிட்டு, கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைத்தார். மறுநாள் அந்த நாற்காலியில் வேறு ஆள். நரைமீசைக்காரர் எங்கே என்று இன்றுவரை தெரியாது. பாஷை புரியாமலேயே அந்த வீடியோவை ரேடியோ எத்தனை தடவை பார்த்தாரோ. வாசித்ததற்காக ஒரு மனிதனைத் தூக்குவார்களா என்று அவருக்கு ஆறவே இல்லை. தன் சொந்த அண்ணனைத் தூக்கிக்கொண்டு போன மாதிரி இருந்தது.

அதனால் கறுப்புக் கொடி வேண்டும் என்கிற பதிவு வந்தால் அவர் குரலில் இடி இடித்தது. வேண்டாம் என்கிற பதிவு வந்தால் மாத்திரை அட்டையின் பின்பக்கத்தைப் படிப்பது போலப் படித்தார். முதலில் இவ்வளவுதான். அப்புறம் நேரமாகிவிட்டது என்று நடுவில் இரண்டு வரி விட்டார். அப்புறம் அதே பாட்டுத்தான் என்று முழுசாகவே தள்ளிவிட்டு அடுத்ததுக்குப் போனார். தான் செய்வது இன்னது என்று அவருக்குத் தெரியாமல் இல்லை. ஆனால் எல்லாம் நல்லதுக்குத்தானே என்று உள்ளே ஒரு குரல் தட்டிக்கொடுத்துக்கொண்டே இருந்தது. கொதிகலன் பார்த்துக்கொள்ளும் பாய்லர் அண்ணனுக்குக் காது மந்தம். இடி மட்டும்தான் அவர் காதுக்கு எட்டும். ஒருநாள் அவர் ரொம்பக் கவலையாகக் கேட்டார்: "ஏம்ப்பா, எதிர்ப்பக்கம் ஆளே இல்லையா? இது என்ன சண்டை, ஒருத்தனே நின்னு காத்தைக் குத்துறான்?" எல்லோரும் சிரித்தார்கள். ரேடியோவும் சிரித்தார். கொஞ்சம் சத்தமாகவே சிரித்தார்.

எதிர்ப்பக்கத்து ஆள் அதே அறையில், கதவோரமாக உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தான். ரேடியோவின் மச்சினன். மனைவியின் தம்பி. மடிப்பு மேசையில் அவருக்கு ஜோடி அவன்தான். பெரிய விரிப்பை ஒருவராக மடிக்க முடியாது. ஆளுக்கு இரண்டு முனை பிடித்து, உதறி, இழுத்து, நேர் செய்து, ஒருவரை ஒருவர் பார்த்து நடந்து வந்து முனையைக் கையில் கொடுக்க வேண்டும். பிறகு குனிந்து மடிப்பைப் பிடித்துப் பின்னால் போய், மறுபடி நடந்து வர வேண்டும். இயந்திரச் சத்தத்தில் தள்ளி நின்று பேசினால் ஒன்றும் கேட்காது. முனை சேரும்போது மட்டும்தான் பேச்சு. ஒரு சந்திப்புக்கு ஒரு வாக்கியம். பல வருஷமாக அவர்களுடைய குடும்பக் கதை, சண்டை, சமாதானம், அக்கா வைத்த குழம்பில் உப்பு, எல்லாம் இப்படித் துண்டு துண்டாக விரிப்பு விரிப்பாகத்தான் நடந்திருக்கிறது.

மச்சினன் குழுவில் நீளம் நீளமாக எழுதினான். பத்துவரை படித்தவன். ரேடியோ அவன் பெயரைப் பார்த்ததுமே, அது கையுறைக் கட்சி என்று சொல்லித் தள்ளிவிடுவார். அவர் ஒரு தடவை சொன்னது கூடம் முழுக்கப் பரவியது. ஒருநாள் யாரோ ஒரு ரப்பர் கையுறையை மச்சினனின் சட்டை மாட்டும் ஆணியில் தொங்கவிட்டிருந்தார்கள். அவன் அதை எடுத்து, மடித்து, குப்பைக்கூடையில் போட்டுவிட்டு வேலைக்கு வந்தான். அன்று முனையைக் கொடுக்கும்போது, "நேத்து என் பதிவு வந்தப்போ ரேடியோ கரகரன்னுச்சே மாமா. மழையா?" என்றான். ரேடியோ விரிப்பை உதறிய வேகத்தில் பதில் சொல்ல வேண்டியதில்லாமல் போயிற்று. மேற்கொண்டு அவன் கேட்கவில்லை. அக்கா புருஷன் ஆயிற்றே.

கை தூக்க வேண்டிய நாளுக்கு முந்தின மத்தியானம், சோற்றில் கை வைத்தபடியே ரேடியோ ஒரு பதிவின் முன்னால் நின்றுவிட்டார். மச்சினன் எழுதியது. நீளமானது. பாதி வரை மனசுக்குள் ஓடியதும் அவருக்குக் காது சூடானது. விரலால் மேலே தள்ளினார். எதிரே உட்கார்ந்திருந்த இஸ்திரி அக்காவுக்கு எழுத்துத் தெரியாது, ஆனால் விரல் தெரியும். "என்ன தம்பி, ஒண்ணைத் தாண்டிட்டே?" என்றாள்.

"ஒண்ணுமில்லக்கா. சும்மா" என்றார் ரேடியோ. பிறகு தொண்டையைத் தடவிக்கொண்டு, காலையிலிருந்து கட்டிக்கொண்டு கிடக்கிறது, இன்றைக்கு இவ்வளவு போதும் என்று எழுந்து போய்விட்டார்.

இஸ்திரி அக்கா நல்ல மனசுக்காரி. வீட்டுக்குப் போன பிறகும் ரேடியோவின் தொண்டை அவள் நினைவிலேயே இருந்தது. அன்று மகள் வந்திருந்தாள். அம்மாவின் போனில் ஏதோ அழுத்தி, ஏதோ மாற்றி, இனிமேல் எழுத்து மேல் விரலை வைத்தால் போனே படிக்கும் என்று காட்டிக்கொடுத்துவிட்டுப் போனாள். மறுநாள் மணி அடித்ததும் அக்கா ஆளுக்கு முந்தி வந்து ரேடியோவுக்கு எதிரே உட்கார்ந்துகொண்டாள். முகத்தில் விளக்கு எரிந்தது.

"தம்பி, இன்னைக்கு நீ வாயைத் திறக்க வேண்டாம். தொண்டைக்கு ஓய்வு குடு. எம் பொண்ணு ஒரு ஆளை வேலைக்கு வெச்சுக் குடுத்திருக்கா" என்று சொல்லிவிட்டு, போனை டப்பா மூடியின் மேல் சாய்த்துவைத்து, விரலை வைத்தாள்.

ஒரு பெண்குரல் பேசியது. மூச்சே விடாத குரல். புள்ளி, நிறுத்தம், கோபம், கிண்டல் எதுவும் அதற்குக் கிடையாது. "சர்வாதிகாரிக்கு சிவப்புக் கம்பளமா வெட்கக்கேடு ஆனந்தக் கண்ணீர் முகம் ஆனந்தக் கண்ணீர் முகம் ஆனந்தக் கண்ணீர் முகம் மேல்நோக்கிய கட்டைவிரல்" என்று அது சொன்னதுதான் தாமதம், அறை வெடித்துச் சிரித்தது. செயலாளர் போட்ட அறிக்கையை, கடைசியில் இருந்த கொடிப் படம், முஷ்டிப் படம், பூங்கொத்துப் படம் எல்லாவற்றையும் சேர்த்து ஒப்பித்தது. ஒருவருக்குப் புரை ஏறி முதுகில் தட்ட வேண்டியதாயிற்று. ரேடியோவுக்கும் சிரிப்பு வந்தது. அந்தக் குரல் எதையும் தாண்டவில்லை என்பதை அவர்தான் முதலில் கவனித்தார். வரிசையாக வந்துகொண்டிருந்தது. அவர் முந்தாநாள் படித்தது. அதற்குக் கீழே அவர் படிக்காதது. மறுபடி படித்தது. மறுபடி படிக்காதது, படிக்காதது.

பாய்லர் அண்ணன் காதுக்குப் பின்னால் கையை வைத்துக்கொண்டு முன்னால் நகர்ந்து வந்தார். போன் நல்ல சத்தம். "அடேய், எதிர்ப்பக்கம் ஆள் இருக்கான்டா" என்றார், காணாமல் போன மாடு திரும்பி வந்த மாதிரி.

ரேடியோ கையை நீட்டி, "போதும்க்கா, சாப்பாடு ஆறுது" என்றார். அதற்குள் அக்காவின் விரல் அடுத்ததில் விழுந்துவிட்டது.

அந்தக் குரல் மச்சினனின் பெயரைச் சொல்லி ஆரம்பித்தது. கையுறைக்காரர் நல்லவர் என்று நான் சொல்லவில்லை, ஆளைப் பிடித்து உள்ளே போடுவது தப்புதான் என்றது. இரண்டு வருஷம் முன்னால் பச்சைக் கோட்டுக்காரர் என்று இன்னொரு நாட்டுத் தலைவர் வந்தாரே, அவரும் தன் நாட்டில் பத்திரிகையைப் பூட்டியவர்தானே, அவருக்கு நம் சங்கம் என்ன செய்தது, ரோட்டோரம் நின்று வரவேற்புக் கொடி ஆட்டியது, ஏனென்று கேட்டால் அவர் நமக்கு வேண்டியவர் என்றார்கள் என்றது. நானும் ஆட்டினேன், என் பக்கத்தில் நின்று என் மாமாவும் ஆட்டினார் என்றது. வேண்டியவன் செய்தால் கண்ணை மூடிக்கொள்வது, வேண்டாதவன் செய்தால் கறுப்புக் கொடி, இதற்குப் பெயர் ஓரவஞ்சனை என்றது. கறுப்புக் கொடி பிடிக்க நானும் வருகிறேன், அதற்கு முன்னால் அந்த வரவேற்புக் கொடியைப் பற்றி யாராவது ஒரு வார்த்தை சொல்லுங்கள் என்றது. பிறகு அதே மூச்சில், உப்பும் உறைப்பும் இல்லாத அதே குரலில், "இந்தப் பதிவு நம்ம கூடத்துல யார் காதுலயும் விழாது நான் எழுதினா எங்க மாமாவுக்குத் தொண்டை கட்டிக்கும்" என்று சொல்லி நின்றது.

உலர்த்தும் இயந்திரங்கள் சுவருக்கு அந்தப் பக்கம் உருண்டுகொண்டிருந்தன. யாரோ ஸ்பூனைக் கீழே வைத்தார்கள். கையுறையை ஆணியில் மாட்டிய ஆளுக்கு அப்போது ஷூ கயிறு அவிழ்ந்திருக்க வேண்டும், ஒருவன் குனிந்தவன் நிமிரவே இல்லை.

"நேத்து இதைத்தானே கேட்டேன்?" என்றாள் அக்கா. அவள் குரலில் கோபம் இல்லை. அதுதான் தாங்கவில்லை. "சும்மான்னு சொன்னியே தம்பி."

சும்மா. ரேடியோவுக்கு அந்த ஒரு சொல் நெஞ்சில் போய் இடித்தது. எழுத்துத் தெரியாத காலத்தில் யாரிடமாவது ஒரு காகிதத்தை நீட்டி இதில் என்ன போட்டிருக்கிறது என்று கேட்டால், அவர்கள் கண்ணை மேலிருந்து கீழே ஓட்டிவிட்டு, ஒண்ணுமில்ல, சும்மா என்று திருப்பிக் கொடுப்பார்கள். இவ்வளவு எழுத்தில் ஒன்றுமே இல்லையா என்று கேட்க வாய் வராது. அந்தச் சும்மாவை இனி ஒருவனும் என்னிடம் சொல்லக்கூடாது என்றுதானே நரைத்த தலையோடு போய் அந்த வகுப்பில் உட்கார்ந்தார். நரைமீசைக்காரர் கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைப்பது கண்முன் வந்தது. இவர் கண்ணாடி மூக்கிலேயே ஆவி படிந்து நின்றது. துடைக்கக் கை எழவில்லை. ஜன்னலோர பெஞ்சு இனி யாருக்கோ. அந்த மூச்சு விடாத போனுக்கோ.

கதவோரத்திலிருந்து மச்சினன் பேசினான். தலையைத் தூக்காமல், டப்பாவை மூடியபடி. "விடுங்கக்கா. மாமாவுக்கு நெசமாவே தொண்டை சரியில்ல. வீட்ல எங்க அக்கா சொன்னாங்க."

பொய். சுத்தப் பொய். தன் மேல் கையுறைப் பட்டம் கட்டிய ஆளுக்காக அவன் எல்லோர் முன்னாலும் பூசி மெழுகுகிறான். நாலு வார்த்தை திட்டியிருந்தால்கூட ரேடியோ நிமிர்ந்து உட்கார்ந்திருப்பார்.

பாய்லர் அண்ணன்தான் அந்த இறுக்கத்தை உடைத்தார். அவருக்கு யார் குரல் இறுகியது, யார் முகம் கறுத்தது என்பதெல்லாம் எட்டவில்லை. சண்டையில் இப்போதுதான் இரண்டு பக்கமும் ஆள் வந்திருக்கிறது, அந்த உற்சாகத்தில் கண் பளபளத்தது. "அந்தப் பொம்பளைக் குரல்ல ஒரு மண்ணும் இல்ல. பிணத்துக்குப் பாடம் சொல்ற மாதிரி இருக்கு. நம்ம ரேடியோ படிக்கட்டும்யா" என்றவர், ரேடியோவின் பக்கம் குனிந்து, ரகசியம் சொல்வதாக நினைத்துக்கொண்டு ஊருக்கே கேட்கும்படி சொன்னார்: "முழுசா படி. எனக்குக் கேக்குற மாதிரி படி."

இஸ்திரி அக்கா தன் போனைக் கவிழ்த்துவைத்தாள்.

ரேடியோ எழுந்து நின்றார். உட்கார்ந்து படிக்கிறவர், அன்றைக்கு எழுந்து நின்றார். கண்ணாடியைச் சட்டை நுனியால் துடைத்துப் போட்டுக்கொண்டு, தன் போனில் மேலே தள்ளிவிட்ட பதிவைத் தேடிக் கீழே இழுத்தார். முதல் வரி உடைந்துதான் வந்தது. இரண்டாவது வரியில் குரல் காலை ஊன்றிக்கொண்டது. பச்சைக் கோட்டுக்காரர் வரும்போது பெஞ்சு அதிர்ந்தது. "நம்ம சங்கம் என்ன பண்ணுச்சு?" என்ற இடத்தில் நிறுத்தி, கண்ணாடிக்கு மேலாக எல்லோரையும் ஒரு சுற்று பார்த்தார், பழக்கதோஷம். அந்தக் கண்ணை இந்தத் தடவை எல்லோரும் திருப்பிப் பார்த்தார்கள். பார்வை அவர் மேலேயே வந்து நின்றது. "என் பக்கத்துல நின்னு" என்று படித்தவர் நிமிர்ந்து, "என் மாமாவும் ஆட்டினாரு" என்று, இருந்த குரல் அத்தனையும் போட்டுப் படித்தார். ஆட்டிய கொடியின் கம்பு கையில் உரசியதுகூட ஞாபகம் வந்தது. வெயிலில் நின்று, பச்சைக் கோட்டு கண்ணில் படாதா என்று எக்கி எக்கிப் பார்த்தது ஞாபகம் வந்தது. ஓரவஞ்சனை என்ற சொல்லைப் போல இடி இடித்து அவர் வேறு எந்தச் சொல்லையும் படித்ததில்லை. கதவைத் தாண்டி உலர்த்தும் அறையிலிருந்து ஒருவன் எட்டிப் பார்த்தான். கடைசி வரி வந்தது. அதையும் விடவில்லை. தொண்டை கட்டிக்கும் என்பதை, எழுதியவன் என்ன சிரிப்போடு எழுதியிருப்பானோ அந்தச் சிரிப்போடு, ஒரு புருவத்தைத் தூக்கிப் படித்தார்.

முதலில் பாய்லர் அண்ணன்தான் மேசையைத் தட்டினார். அப்புறம் யார் யாரோ. சிரித்தார்களா, பாராட்டினார்களா, திட்டினார்களா என்று பிரித்துச் சொல்ல முடியாத ஒரு இரைச்சல். ஆளாளுக்குப் பேச ஆரம்பித்தார்கள். கறுப்புக் கொடி பிடித்தே ஆக வேண்டும் என்றும், முதலில் செயலாளர் பதில் சொல்லட்டும் என்றும், இரண்டு பேருக்கும் சேர்த்துப் பிடித்தால் என்ன என்றும், அவன் மாமன் கொடி ஆட்டியதற்கு யார் பொறுப்பு என்றும். யாருமே டப்பாவைத் தொடவில்லை. கை தூக்கச் சொல்லி யாரோ கத்தினார்கள், எதற்குக் கை தூக்குவது என்று யாரோ திருப்பிக் கத்தினார்கள். அதற்குள் மணி அடித்துவிட்டது. வேலை முடிந்ததும் வெளிவாசலில் நின்று முடிவு செய்வோம் என்று கலைந்தார்கள். போகும்போது ஒருவரும் ரேடியோவின் தோளில் தட்டவில்லை. ஆனால் இஸ்திரி அக்கா, அவர் குடிக்காமல் வைத்திருந்த டீயை எடுத்து அவர் பக்கம் நகர்த்திவைத்துவிட்டுப் போனாள்.

மடிப்பு மேசைக்கு அவர் போனபோது மச்சினன் ஏற்கனவே நின்றுகொண்டிருந்தான். உலர்த்தியிலிருந்து அப்போதுதான் வந்த ஆஸ்பத்திரி விரிப்புகள் கூடையில் குவிந்திருந்தன. தொட்டால் சுடும் சூடு. மேலே இருந்த ஒன்றை எடுத்து, இரண்டு முனையை அவர் பக்கம் வீசினான். பிடித்தார். இருவரும் பின்னால் நடந்து, இழுத்து, உதறினார்கள். விரிப்பு ஒரு பெரிய வெள்ளை வயிறாக நடுவில் எழும்பி, இரண்டு பேருக்கும் இடையில் நின்றது. எதிர்ச்சுவரின் விளக்கு அதற்குள் புகுந்து, மறுபக்கம் நின்றவனை நிழலாக்கிக் காட்டியது.

ஒரு வாக்கியம்தான் சொல்ல முடியும். எதைச் சொல்வது என்று ரேடியோ வாய்க்குள் கூட்டிப் பார்த்தார், முதல் வகுப்பில் எழுத்துக் கூட்டிய மாதிரி. கையுறையைப் பற்றியா, கொடியைப் பற்றியா, அக்கா சொன்னாங்க என்ற அந்தப் பொய்யைப் பற்றியா. ஏதோ ஒன்று நாக்குக்கு வந்தது. வாயைத் திறந்தார். காற்று மட்டும்தான் வந்தது. இப்போது நிஜமாகவே தொண்டை கட்டியிருந்தது.

விரிப்பு மெல்ல இறங்கிக்கொண்டிருந்தது. மறுபக்கத்து நிழல், கைகளை உயர்த்தி இரண்டு முனைகளைப் பிடித்தபடி, அவரை நோக்கி நடந்து வர ஆரம்பித்தது. நெருங்க நெருங்கப் பெரிதாகிக்கொண்டே வந்தது. அவரும் தன் முனைகளை நீட்டிக்கொண்டு அடியெடுத்து வைத்தார்.